வேருக்குத் தைத்த சட்டை

"துரத்திட்டாங்களா? யாரு துரத்தினது? நீங்க கூட நின்னு பார்த்தீங்களா அக்கா? அசையாதீங்க, குத்திடும்."

மாடிவீட்டம்மா எங்கே அசைவது? புதுச் சட்டையை உடம்போடு ஒட்டவைத்து, இடுப்புக்கு இரண்டு பக்கமும் குண்டூசி குத்தி நிறுத்தியிருந்தாள் தையல்காரம்மா. அவள் பல்லிடுக்கில் இன்னும் நாலைந்து குண்டூசி. எவ்வளவு காரமாகச் சண்டை போட்டாலும் அதில் ஒன்றுகூடக் கீழே விழாது. அத்தனை வருஷத் தொழில்.

"நான் எங்கம்மா சொன்னேன்? தெருவே பேசுது," என்றாள் மாடிவீட்டம்மா, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு.

"தெருவுக்குன்னு தனியா வாயா இருக்கு? மாடியிலேர்ந்து நீங்க கொட்டுறதைத்தான் தெரு பேசுது. கையைத் தூக்குங்க."

தெரு என்னதான் பேசவில்லை? தையல்காரம்மா மகள் ஆராய்ச்சி நிலையத்தில் பொய்க் கணக்குக் காட்டி மாட்டிக்கொண்டாள், கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள் என்று ஒரு கதை. கறுப்புத் துணியை மீட்டர் மீட்டராக வாங்கி மூட்டை மூட்டையாகக் கொண்டுபோனாளே, அது செய்வினைக்கு என்று இன்னொரு கதை. காலங்காத்தாலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாருடனோ ஓடிவிட்டாள் என்று மூன்றாவது. மூன்றும் உண்மையாக வேண்டுமென்றால் ஒருத்திக்கு ஒரு ஜென்மம் போதாது. அதிலும் அந்த மூன்றாவது கதை இருக்கிறதே! ஓடிப்போகிறவள் எவளாவது பெற்ற அப்பன் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்து, டிக்கெட்டும் எடுத்துக்கொண்டு ஓடுவாளா?

நடந்ததை நடந்தபடி சொன்னால்தான் இந்த வாயெல்லாம் மூடும். மூடாவிட்டாலும் போகட்டும், கேட்கிற காதாவது சுத்தமாகும்.

அந்தப் பெண்ணுக்கு இந்தத் தெருவில் பேர் 'பிடுங்கி'. பேர் வைத்த புண்ணியவதியும் மாடிவீட்டம்மாதான். சின்ன வயசில் கண்ணில் பட்ட செடியையெல்லாம் பிடுங்கிப் பார்க்கிற வழக்கம் அவளுக்கு. பூவைப் பறிக்க மாட்டாள், காயைத் தொட மாட்டாள். வேர் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, திரும்ப நட்டுவைத்துத் தண்ணீரும் ஊற்றுவாள். பாதி பிழைக்கும், பாதி போய்விடும். அப்படிப் போனதற்கெல்லாம் தையல்காரம்மா ஓரம் அடித்தும் பித்தான் வைத்தும் கடன் தீர்த்தாள்.

ஒருநாள் காற்றில் மாடிவீட்டம்மாவின் பூந்தொட்டி ஒன்று சாய்ந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உருண்டு கிடந்தது. யாரும் கவனிக்கவில்லை. பிறகு எடுத்துப் பார்த்தபோது, தொட்டி படுத்திருந்தாலும் செடி மட்டும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு மேலே நிமிர்ந்து நின்றது. பார்த்தவர்களுக்கெல்லாம் ஆச்சரியம். பிடுங்கிக்கு அது போதுமா? மேலே இப்படியென்றால் கீழே என்ன நடந்திருக்கும் என்று தொட்டியை உடைத்துவிட்டாள். கீழேயும் அதே கதைதான். வேரும் வளைந்து, திரும்பி, தரையைப் பார்த்து இறங்கியிருந்தது.

"அத்தை, மேலே போறதுக்காவது வெளிச்சம் இருக்கு. மண்ணுக்குள்ள ஒரே இருட்டு. கீழே எதுன்னு வேருக்கு யாரு சொன்னது?"

"உள்ளே உட்கார்ந்து வழி சொல்றதுக்கு உங்கப்பன் பஸ் ஓட்டுறானா? பிடுங்கி! தொட்டிக்கு யாருடி பதில் சொல்றது?"

சாயந்திரம் வண்டியை விட்டுவிட்டு வந்த அப்பாவிடம் இந்தப் பஞ்சாயத்து போனது. அவர் மகளைத் திட்டுகிற மாதிரி தொண்டையைச் செருமினார். பிறகு, "எனக்கே நாலு தெரு தள்ளிப் போனா வழி கேட்கணும். வேர் கேட்காமலே போகுதாமா?" என்றார். பிள்ளை கெட்டது அங்கேதான் என்று தையல்காரம்மா இன்றைக்கும் சொல்வாள், முகம் முழுக்கச் சிரிப்போடு.

அந்தக் கேள்வியை அவள் விடவே இல்லை. படித்தாள், மேலே படித்தாள், இன்னும் மேலே படித்தாள். ஊர்க்கோடியில் இருக்கிற செடி ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்கும் சேர்ந்தாள். வேலை என்றால் ஒப்பந்த வேலை. வருஷா வருஷம் புதுப்பிப்பார்கள். புதுப்பிக்கிற மாசம் வந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. அப்படியே காலம் போய்க்கொண்டிருந்தபோது, நிரந்தர இடம் ஒன்று வரப்போகிறது என்று அறிவித்தார்கள். அதே மூச்சில், ஒப்பந்தக்காரர்களை இனிமேல் புதுப்பிப்பதில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். கிடைத்தால் உள்ளே, கிடைக்காவிட்டால் வெளியே. வெளியூர்ப் பெரியவர்கள் சிலர் வந்து உட்காருவார்கள். அவரவர் செய்த ஆராய்ச்சியை அவரவர் எழுந்து நின்று சொல்ல வேண்டும். யாருடையது உறுதியாக நிற்கிறதோ அவருக்கு அந்த நாற்காலி.

அவள் ஆராய்ச்சி என்னவென்று கேட்பீர்கள். தையல்காரம்மாவும் கேட்டாள். ஒரு தடவை மகளோடு போய்ப் பார்த்தும் வந்தாள். கதவு வைத்த உயரமான அலமாரி, அதற்குள் நாலு பக்கமும் விளக்கு. மூடி போட்ட சதுரத் தட்டுகள், கண்ணாடி மாதிரி. தட்டுக்குள் ஜெல்லி போல ஒரு கூழ் உறைந்திருந்தது. தட்டுகளைப் படுக்கவைக்காமல், சுவரில் சாய்த்த படம் மாதிரி நிமிர்த்தி வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் வரிசையாகக் குட்டிக் குட்டிச் செடிகள். அதன் வேர்கள் அந்தக் கூழின் மேல் வெள்ளையாக இறங்கியிருந்தன. "என்கிட்ட இருக்கிற ரொம்ப மெல்லிசு நூல்கூட இதுக்கு முன்னாடி கயிறுடி," என்றாள் தையல்காரம்மா.

விதை தூசு மாதிரி இருந்தது. அதில் இரண்டு சாதி. ஒன்று பழுப்பு நிறம், ஊரில் உள்ளதுதான். இன்னொன்று வெளிறிப்போன மஞ்சள். அந்த வெளிறின விதைக்குப் பிறவியிலேயே ஒரு குறை. செடிகள் தமக்குள்ளே தயாரித்துக்கொள்கிற பொருள்களில் ஃபிளேவனாய்டு என்று ஒரு குடும்பம் உண்டாம். பூவுக்குச் சாயம் ஏற்றுவதும், விதைத்தோலுக்குப் பழுப்பு கொடுப்பதும் அந்தக் குடும்பம்தான். வெளிறின விதைக்கு அதைத் தயாரிக்கத் தெரியாது. அதனால்தான் நிறமும் இல்லை.

"நிறம் இல்லாட்டி என்ன? வேர் மண்ணுக்குள்ளதானே இருக்கு, யாரு பார்க்கப்போறா?"

"நிறம் மட்டும் இல்லம்மா. கேளு. கொழுந்துலேர்ந்து ஹார்மோன்னு ஒண்ணு வேர் நுனி வரைக்கும் இறங்கிக்கிட்டே இருக்கும். செடியைப் பக்கவாட்டுல சாய்ச்சோம்னா, அது வேர் நுனியோட கீழ்ப்பக்கத்துல போய்ச் சேரும். சேர்ந்த பக்கம் வளர்ச்சி அடங்கிடும். மேல்பக்கம் மட்டும் நீளும். அப்போ..."

"வளையும்," என்றாள் தையல்காரம்மா. "கீழ்ப்பக்கமா வளையும். இதைச் சொல்லவா இவ்வளவு படிப்பு?" பக்கத்தில் கிடந்த இரண்டு துண்டுத் துணியை எடுத்தாள். ஒன்று நீளம், ஒன்று குட்டை. நீளத்தைச் சுருக்கிக் கொடுத்து இரண்டையும் சேர்த்து ஒரு ஓட்டு ஓட்டினாள். கையை விட்டதும் துண்டு குட்டைப் பக்கமாகச் சுருண்டது. "காலர் திரும்பி உட்காருறது இப்படித்தான்."

மகள் அந்தத் துண்டைக் கையில் வைத்து வைத்துப் பார்த்தாள். "சரி, அந்த ஹார்மோன் எவ்வளவு வேகமா ஓடணும்னு ஒரு கணக்கு இருக்குல்ல? அந்த ஓட்டத்தை ஃபிளேவனாய்டு வழியில நின்னு பிடிச்சுக் கொடுக்குதும்மா. இந்த வெளிறின செடியில பிடிக்க ஆள் இல்ல. ஹார்மோன் தறிகெட்டு ஓடுது. அதனால வேர் வளையற நேரத்துல வளையறது இல்லைன்னு நான் நினைக்கிறேன்."

தையல்காரம்மா மிஷினைத் தொட்டுக் காட்டினாள். நூல் ஓடும் வழியில், இரண்டு வட்டத் தகடுக்கு நடுவே நூலை இறுக்கிப் பிடிக்கிற அந்தச் சின்னத் திருகை. "டென்ஷன். இது தளர்ந்தா நூல் இஷ்டத்துக்கு ஓடும், அடியில தையல் கொசகொசன்னு தொங்கும். உன் வெளிறின விதை டென்ஷன் கழன்ற மிஷின். அவ்வளவுதானே?"

"அவ்வளவேதான்." அன்று முதல் தாயும் மகளும் அந்தப் பொருளை டென்ஷன் என்றே சொல்லிக்கொண்டார்கள். இதைக் கேட்டுவிட்டுத்தான் 'அந்தப் பெண்ணுக்கு டென்ஷன், மாத்திரை சாப்பிடுது' என்று ஒரு கதை தெருவில் உலாவியது. அதை விடுங்கள்.

இப்போது கறுப்புத் துணிக்கு வருவோம். செடியின் இலைக்கு வெளிச்சம் வேண்டும், வேருக்கு இருட்டு வேண்டும். மண்ணுக்குள் இருந்தால் தானாகவே இருட்டு. கண்ணாடித் தட்டில் இருட்டுக்கு எங்கே போவது? தட்டை நிமிர்த்தி வளர்க்கும்வரை கவலையில்லை. மரப்பெட்டியில் பிளவு பிளவாக அறுத்து வைத்திருந்தாள், வேர்ப்பகுதி அதற்குள் மறைந்துவிடும். தட்டைப் பக்கவாட்டில் திருப்பி, வேர் எப்படி வளைகிறது என்று பார்க்கும்போதுதான் சங்கடம். அப்போது வேர்ப்பக்கத்தை வெள்ளித் தாளில் சுற்றுவாள். அது கசங்கும், கிழியும், எந்தத் தட்டு எது என்று தெரியாது.

"அம்மா, இதுக்கு ஒரு உறை தைச்சுக் குடேன். கறுப்புத் துணியில. இலை வெளியே இருக்கணும், வேர் உள்ளே போகணும்."

"கழுத்து வரைக்கும் மூடின சட்டை. அளவு கொண்டா."

சீமாட்டிக்கு அளவெடுக்கிற மாதிரி அந்தத் தட்டுக்குத் தையல்காரம்மா அளவெடுத்தாள். நீளம், அகலம், கனம், கழுத்து. கறுப்புத் துணி வாங்கி வந்தாள். அந்தத் துணிதான் மாடியிலிருந்து பார்க்கும்போது செய்வினையாகத் தெரிந்தது! தைத்து முடித்ததும் அவளுக்கு ஒரு யோசனை. தட்டின் நம்பரைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் உறையைக் கழற்ற வேண்டுமே? புதுச் சட்டை சுற்றி வருகிற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் அவளிடம் நிறைய இருந்தது. அதில் சிறு துண்டு வெட்டி, உறையில் ஜன்னல் வைத்தாள். அதோடு விட்டாளா? அவள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. தைக்க வருகிற சட்டைக்குக் கழுத்தில் அடையாளச் சீட்டு குத்துவாள், பாவாடைக்குக் கீழ் ஓரத்தில் குத்துவாள். துணிக் குவியலில் கைவிட்டாலே எது எதுவென்று தெரியும். அதே மாதிரி, தட்டைத் திருப்பி வைக்கிற வாக்கில், பழுப்பு விதைத் தட்டின் உறைக்கு மேல் ஓரத்தில் ஜன்னல், வெளிறின விதைத் தட்டின் உறைக்குக் கீழ் ஓரத்தில் ஜன்னல்.

"பழுப்பு சட்டை, வெளிறினது பாவாடை. கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்," என்றாள். மகள் அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோரும் அந்த உறையைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள், எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். தையல்காரம்மாவுக்குத் தலை கால் புரியவில்லை.

சட்டை மாட்டின பிறகு ஆராய்ச்சி பிய்த்துக்கொண்டு போனது. பழுப்பு வேரெல்லாம் திருப்பி வைத்த கொஞ்ச நேரத்திலேயே தலையைக் குனிந்து கீழே இறங்கிவிடும். வெளிறின வேர்கள் வளையவே வளையாது, குச்சி மாதிரி குறுக்கே நீளும். அவ்வளவு பெரிய வித்தியாசத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. நிலையத்தின் தலைவர் அவளை எல்லோர் முன்னாலும் நிறுத்தி அந்தப் படங்களைக் காட்டவைத்தார். "நாற்காலி உனக்குத்தான்மா," என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அன்றைக்கு அப்பா பஸ்ஸில் ஏறின அத்தனை பேரிடமும் 'பார்த்து ஏறுங்க, பார்த்து இறங்குங்க' என்று சொல்லிக்கொண்டே ஓட்டினாராம். அந்த மனுஷன் அதிகமாகப் பேசினால் சந்தோஷமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

பிறகுதான் அந்த ஒற்றைத் தட்டு வந்தது.

வெளிறின விதைக்கான உறை ஒன்றில் ஜன்னல் கிழிந்துபோனது. மகள் வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டாள். பிளாஸ்டிக் தாள் தீர்ந்திருந்ததால், தையல்காரம்மா கிழிசலுக்குக் கறுப்புத் துணியிலேயே ஒட்டுப் போட்டு அனுப்பினாள். அடுத்த தடவை, அந்த உறை போட்டிருந்த தட்டில் மட்டும் வெளிறின வேர்கள் வளைந்திருந்தன. கொஞ்சம் தாமதம், ஆனாலும் வளைந்திருந்தன. மற்றதெல்லாம் வழக்கம்போல் குச்சி.

வேறு யாராவது என்றால் என்ன செய்வார்கள்? ஒன்று கெட்டுப்போச்சு என்று குப்பையில் போடுவார்கள். அவள் அந்த உறையைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தாள்.

"அம்மா, இதுல என்ன பண்ணின?"

"ஏன், பிரிஞ்சுபோச்சா? ரெண்டு ஓட்டு ஓட்டினேனேடி," என்றாள் தையல்காரம்மா.

"பிரியல. இதுல ஜன்னல் எங்கே?"

"தாள் இல்ல. அடைச்சுட்டேன்."

மகள் பையிலிருந்து ஜன்னல் வைத்த வேறொரு உறையை எடுத்தாள். தையல் மிஷின் விளக்குக்கு நேரே பிடித்து, கழுத்து வழியாக ஒரு கண்ணை வைத்து உள்ளே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அம்மாவிடம் நீட்டினாள். தையல்காரம்மாவும் கண்ணை வைத்தாள். உள்ளே, ஓரத்தில், அழகாக, சின்னதாக, ஒரு வெளிச்சம்.

"வேருக்கு வெளிச்சம் பிடிக்காதும்மா. வெளிச்சத்தைப் பார்த்தா விலகிப் போகும். பழுப்புக்கு ஜன்னல் மேலே. அதனால அது சீக்கிரமா கீழே ஓடியிருக்கு. வெளிறினதுக்கு ஜன்னல் கீழே. கீழே வளையணும்னு அதுக்கும் தோணியிருக்கு, வெளிச்சம் தடுத்திருக்கு. நான் காட்டின வித்தியாசத்துல முக்கால்வாசி டென்ஷனால இல்ல. ஜன்னலால."

தையல்காரம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நம்பர் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று வைத்த ஜன்னல். சட்டைக்கு மேலே, பாவாடைக்குக் கீழே என்று அவளே சிரித்துச் சிரித்துத் தைத்த ஜன்னல். பெற்ற மகளின் நாற்காலிக்கு அவள் கையாலேயே வேட்டு வைத்த மாதிரி ஆகிவிட்டதே!

"நான் வந்து சொல்றேன்டி உங்க தலைவர்கிட்ட. எல்லாம் என் வேலைதான், பிள்ளைக்குத் தெரியாதுன்னு சொல்றேன்."

"நீ வந்து சொன்னா வேர் வளைஞ்சிடுமா? அளவு கொடுத்தது நான். மாட்டினது நான். உள்ளே கண்ணை வச்சுப் பார்க்காம விட்டதும் நான். பிளேடை எடும்மா, பிரிக்கலாம்."

ஒரு உறையை மட்டும் சாட்சிக்கு அப்படியே வைத்துவிட்டு, மற்ற ஜன்னலையெல்லாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பிரித்தார்கள். தையல்காரம்மா கறுப்புத் துணியை இரட்டையாக மடித்துப் புதிதாகத் தைத்தாள். பெரியவர்கள் வருகிற நாள் நெருங்கிவிட்டது. எல்லாவற்றையும் திரும்பச் செய்ய நேரமில்லை. ஒரே ஒரு தடவைதான் செய்ய முடிந்தது. மகள் தலைவரிடம் போய் உள்ளதைச் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. அவளுக்கு நல்லதைத்தான் நினைத்தார். கதவைச் சாத்திவிட்டு, "இப்போ வாயைத் திறக்காதே. பழைய படத்தையே காட்டு. வேலை கைக்கு வந்த பிறகு நிதானமா திருத்திக்கலாம். யாருக்கும் தெரியாது," என்றாராம்.

அன்று சாயந்திரம் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு வந்தது. தையல்காரம்மா தலைவர் பக்கம். ஏன் மறைக்க வேண்டும்? அவள் தலைவர் பக்கம்தான் பேசினாள். "அவரே சொல்றாரே. நாற்காலியில உட்கார்ந்துட்டு அப்புறம் நியாயம் பேசேன்."

மகள் தட்டைப் பார்த்தபடி சொன்னாள். "அம்மா, மாடி அத்தைக்குச் சட்டை தைக்கிறே. உள்பக்கம் ஒரு இடத்துல தையல் விட்டுப்போச்சு. வெளியே தெரியாது. அப்படியே கொடுத்துடுவியா?"

மாடி அத்தைக்கென்றால் கொடுத்தாலும் கொடுக்கலாம் என்று தையல்காரம்மாவுக்கு ஒரு நினைப்பு ஓடியது, அவ்வளவுதான். அப்பா மட்டும் நிமிர்ந்து பார்த்து, "தப்பான தெருவுல திருப்பிட்டா ரிவர்ஸ் எடுத்துத்தான் ஆகணும். பின்னாடி வண்டி நின்னாலும் எடுக்கணும்," என்றார். சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டார்.

பெரியவர்கள் முன்னால் என்ன நடந்தது என்பதை மகள் வந்து சொல்லவில்லை. அந்த நாற்காலி யாருக்குக் கிடைத்ததோ அவரே வந்து சொன்னார். பக்கத்து மேசையில் மண்ணை ஆராய்ச்சி செய்கிறவர். அவள் அங்கே விட்டுவிட்டு வந்த தேநீர்க் கோப்பையையும் மீதி உறைகளையும் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். தையல்காரம்மா கொடுத்த நாற்காலியில் நுனியில்தான் உட்கார்ந்தார்.

"எழுந்து நின்னதும் முதல் வார்த்தையே, 'இங்கே முன்னாடி நான் காட்டின படமெல்லாம் தப்பு'ன்னாங்கம்மா. அந்த ஜன்னல் வச்ச உறையைத் தூக்கிக் காட்டி, ஒவ்வொருத்தர்கிட்டயும் கொடுத்து, உள்ளே பார்க்கச் சொன்னாங்க. பெரிய பெரிய ஆளுங்க வரிசையா ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டுத் துணிப்பைக்குள்ள பார்த்தாங்க. அப்புறம் புதுசா செஞ்சதைக் காட்டினாங்க. வித்தியாசம் ரொம்பச் சின்னது. வெளிறின வேர் வளையுது, ஆனா பழுப்பை விடத் தாமதமா. கூழ்லயே அந்த ஃபிளேவனாய்டைக் கலந்து கொடுத்தா, அதுவும் நேரத்துக்கு வளையுது. 'இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதுவும் ஒரு தடவைதான் செஞ்சேன்'னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டாங்க."

"யாராவது திட்டினாங்களா?"

"ஒருத்தர், 'உறையை யாரு தைச்சது?'ன்னு கேட்டார். 'எங்க அம்மா. தையல்ல ஒரு குறையும் இல்ல'ன்னாங்க."

தையல்காரம்மா எழுந்து உள்ளே போனாள். தேநீர் போடப் போனாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்மா," என்றார் அந்த மனுஷன், கோப்பையை வாங்கிக்கொண்டே. அவர்மேல் அந்த வீட்டில் யாருக்கும் கோபமில்லை. அவர் மண்ணும் உறுதியாகத்தான் நின்றது, நாற்காலி அவருக்குப் போனது.

இதுதான் கழுத்தைப் பிடித்துத் தள்ளின கதை. ஒப்பந்தம் முடிந்தது, வீட்டுக்கு வந்தாள். யாரும் தள்ளவில்லை. பொய்க் கணக்கு காட்டினாளாம்! காட்டின கணக்கு பொய்யாகப் போனது தெரிந்ததும், கேட்கிற வாய் எதுவும் கேட்பதற்கு முன்னால், தானே எழுந்து நின்று அதை அடித்துத் திருத்தினவளை வேறு எந்தத் தெருவாவது இப்படிப் பேசுமா?

கொஞ்ச காலம் வீட்டில் இருந்தாள். அம்மாவுக்குப் பித்தான் தைத்துக் கொடுத்தாள். எல்லாம் ஒரு நூலளவு கோணல். வாடிக்கைக்காரர்கள் முகம் சுளிக்க, தையல்காரம்மா பிரித்துப் பிரித்துத் தைத்தாள். "வேர் நேரா இருக்கணும்னு உயிரை விடுறே, பித்தான் நேரா இருக்கவேண்டாமா?" என்று கேட்டால், "வேர் அதுவே திருத்திக்கும்மா," என்பாள். சிரிப்பும் நடந்தது. ஆனாலும் மாடியில் யாராவது குரலைத் தாழ்த்திப் பேசினால் அவள் கை நிற்பதைத் தையல்காரம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஜன்னலை நினைத்துத் தாய்க்கு உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் தொலைபேசி வந்தது. பேசினது அன்றைக்கு வந்து உட்கார்ந்திருந்த பெரியவர்களில் ஒருத்தி. வேறு ஊரில் வேர் ஆராய்ச்சிக்கூடம் நடத்துகிறவள். மகள் ஸ்பீக்கரில் போட்டாள், தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கறாரான குரல்.

"என்கிட்ட நிரந்தர வேலை கிடையாது. ரெண்டு வருஷ வேலைதான். அலமாரியும் பழசு. ஆனா நீ காட்டின அந்தச் சின்ன வித்தியாசம் இருக்கு பாரு, அது நிக்கும்னு எனக்குத் தோணுது. முழுசா செஞ்சு பார்க்கணும். வர்றியா?"

"வர்றேன் மேடம்."

"உங்க அம்மாகிட்ட கேளு, ஜன்னல் இல்லாம தைச்சுத் தருவாங்களான்னு. இங்க வெள்ளித் தாள்தான் சுத்துறோம், சகிக்கலை."

தையல்காரம்மா கேட்டுக்கொண்டுதானே இருந்தாள்! "எத்தனை வேணும்னு கேளு!" என்று கத்தினாள். மறுமுனையில் அந்தக் கறார்க் குரல் சிரித்துவிட்டது.

அவள் தைத்த தையல் இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. வெளியே கறுப்பு, உள்ளே கறுப்பு, நடுவே கனத்த துணி. தையல் ஓட்டை வழியாகக்கூட வெளிச்சம் போகாதபடி மடித்து மடித்து அடித்தாள். அடையாளத்துக்கு என்ன செய்வது என்று யோசித்து, வெளிப்புறத்தில் தடித்த நூலால் முடிச்சுப் போட்டாள். பழுப்புக்கு ஒரு முடிச்சு, வெளிறினதற்கு இரண்டு. எல்லாம் ஒரே இடத்தில். கண் வேண்டாம், விரல் போதும். மகள் ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தாள், கழுத்தில் கண்ணை வைத்தாள்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணுமே தெரியலம்மா."

இத்தனை வருஷத்தில் ஆயிரம் பேர் அவள் தையலைப் புகழ்ந்திருப்பார்கள். இந்தப் புகழ்ச்சிக்கு ஈடு எதுவும் இல்லை என்று தையல்காரம்மா சொல்லுவாள். மாடிவீட்டம்மாவுக்குக் குண்டூசி குத்திக்கொண்டே அதையும்தான் சொன்னாள்.

புறப்படுகிற காலை வந்தது. அப்பா முன்னாலேயே டிப்போவுக்குப் போய்விட்டார். அவர் வண்டிதான் ரயில் நிலையத்துக்குப் போகும். போகும்போதே சொல்லிவிட்டுத்தான் போனார்: "ஸ்டாப்புல நில்லு. வீட்டு வாசல்ல நிறுத்துவேன்னு நினைக்காதே. டிக்கெட் எடுக்கணும், சில்லறை வச்சுக்கோ." சொன்னவர் அன்று காலை சீருடையை இரண்டு தடவை இஸ்திரி போட்டார்.

மகள் பெட்டியைப் பூட்டினாள். பழுப்பு விதை ஒரு பொட்டலம், வெளிறினது ஒரு பொட்டலம், இரண்டும் சட்டைப் பையில். உறைகளைப் பெட்டிக்குள் வைத்தால் கசங்கும் என்று தனி மூட்டையாகக் கட்டியிருந்தாள் தையல்காரம்மா. பெரிய கறுப்பு மூட்டை. மாடிப் படிக்கட்டில் மாடிவீட்டம்மா வாளியோடு நின்றாள். வாளியில் தண்ணீர் இல்லை. எதிர் வீட்டு ஜன்னலில் இரண்டு தலை.

"எங்கே பிடுங்கி, பெட்டியோட?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"வேர் பிடுங்கத்தான் அத்தை. இங்கே உங்க தொட்டி எல்லாம் தீர்ந்துபோச்சு!"

தையல்காரம்மா மூட்டையைத் தன் முந்தானை மறைவில் பிடித்துக்கொண்டிருந்தாள். "பஸ் வரைக்கும் இதுக்கு மேலே ஒரு போர்வை சுத்தட்டுமாடி? பார்க்கிறாங்க."

மகள் மூட்டையை வாங்கினாள். பெட்டியை இடது கைக்கு மாற்றினாள். மூட்டையைத் தூக்கி, தெரு முழுக்கப் பார்க்கட்டும் என்று தோளுக்கு மேல் வைத்துக்கொண்டாள்.

"பார்க்கட்டும்மா. நீ தைச்சது."

சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினாள்.